மடற்குழுவா, மன்றமா?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. பாமினி எழுத்துருவிலும் டிஸ்கி குறியீட்டிலும் கிடக்கும் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் உன் நிரலை அச்சகக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் யாழ்ப்பாணத்து நூலகர்களும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. கேள்விகள் உன் சொந்த மின்னஞ்சலிலும் வாட்ஸாப்பிலும் குவிகின்றன, நிரல் எழுதவே நேரமில்லை என்று அடுத்த பத்தியிலேயே எழுதியிருந்தாய். பயனர்களுக்கென்று ஒரு மடற்குழு தொடங்குவதா, இணைய மன்றம் திறப்பதா என்று கேட்டிருக்கிறாய்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பயனர்களுக்கு மன்றம் திற. நிரலாளர்கள் நான்கைந்து பேர் பேசிக்கொள்ளும் மடற்குழு ஏற்கெனவே இருக்கிறதல்லவா, அது அப்படியே இருக்கட்டும். மன்றம் உன் சொந்த இணைய முகவரியில் இருக்க வேண்டும். வாட்ஸாப் குழுவை உதவி மையமாக வைத்துக்கொள்ளாதே. இனி நான் எழுதப்போவதெல்லாம் காரணங்கள். முடிவைவிட அவைதான் உனக்கு அதிகம் பயன்படும். சில ஆண்டுகளில் உன் பயனர்களும் மாறுவார்கள், கருவிகளும் மாறும். அப்போது நீயேதான் மறுபடி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

பயனர் உதவி யாருக்காக என்பதில் முதலில் தெளிவு வேண்டும். கேட்டவருக்காக மட்டும்தான் என்றால் எந்த இடமும் போதும், தொலைபேசியே போதும். ஆனால் ஒரு சிக்கலை எடுத்துக்கொள். மதுரையில் ஓர் அச்சகத்தில் இருப்பவர், மாற்றிய கோப்பில் சில இடங்களில் மட்டும் கொம்பு தனியாக நிற்கிறது என்கிறார். பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் எழுத்து முதலில், உயிர்க்குறி பின்னால். ஆகவே மாற்றும்போது வரிசையைத் திருப்ப வேண்டும். அவருடைய கோப்பில் வரி முறிந்த இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிட்டது, அதனால்தான் நிரலால் சேர்க்க முடியவில்லை. இதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போகும். அதே சிக்கல் நாளை ஈரோட்டிலும் வவுனியாவிலும் வேறொருவருக்கு வரும். அவர் உன்னைக் கேட்காமலேயே அந்தப் பதிலைத் தேடி எடுத்துக்கொள்ள முடிந்தால்தான் உன் மாலைப்பொழுதுக்கு முழுப் பலன். மதுரைக்காரருக்கு வாட்ஸாப்பில் மட்டும் சொல்லி அனுப்பினாயானால், ஈரோட்டுக்காரருக்காக அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டே. இன்று எழுதிய பதில், முகம் தெரியாத ஒருவர் ஐந்தாண்டு கழித்துத் தேடினாலும் கிடைக்குமா? பதில் சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் நினைவூட்டாமலே அந்த இடத்துக்குத் தினமும் வருவார்களா? கேட்பவருக்கு எது வசதி என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் அது இவற்றுக்குப் பின்னால்தான் வரும். பெரும்பாலோர் அதை முதலில் வைத்துவிடுகிறார்கள்.

மடற்குழுவைப் பழங்காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மடற்குழுக்களைப் போய்ப் படித்துப் பார். பொதுக் கேள்விகளுக்கான குழுவில், நேற்றுத்தான் அதை நிறுவிய ஒருவர் எழுதும் சந்தேகத்துக்கு, அந்தத் தரவுத்தளத்தை 1990களிலிருந்து எழுதிவரும் டாம் லேன் போன்ற ஒருவர் பதில் எழுதியிருப்பார். இது எப்படி நடக்கிறது? பயனரின் கேள்வி, அந்த நிரலாளர் காலையில் எழுந்ததும் திறக்கும் அதே அஞ்சல் பெட்டியில், அவருடைய மற்ற வேலைகளுக்கு நடுவிலேயே வந்து விழுகிறது. அவர் புதிதாக எங்கும் போக வேண்டியதில்லை, எந்தத் தளத்திலும் நுழைய வேண்டியதில்லை. படித்தார், பதில் எழுதினார், முடிந்தது. அறிந்தவரைக் கேள்விக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் இந்த வலிமை மன்றத்துக்கு இயல்பாக வராது.

இன்னொன்றும் பார். ஒவ்வொரு மடலுக்கும் தலைப்பகுதியில் தனக்கேயான அடையாளக் குறி ஒன்று உண்டு. எந்த மடலுக்கு எது பதில் என்பதும் அங்கேயே பதிவாகிறது. இழை இழையாகக் கோத்துக் காட்டுவதற்கு அஞ்சல் செயலிக்கு வேறெதுவும் தேவையில்லை. போஸ்ட்கிரெஸ்காரர்கள் தங்கள் தொகுப்பில் ஒவ்வொரு மடலுக்கும் அந்தக் குறியையே முகவரியாக வைத்திருக்கிறார்கள். நிரலில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கும்போது, அதற்கான விவாதம் நடந்த மடலின் முகவரியை மாற்றக் குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். ஒரு வரி நிரல் ஏன் இப்படி இருக்கிறது என்று பத்தாண்டு கழித்துக் கேட்டாலும், அன்று குறை சொன்ன பயனரின் மடல்வரை நூல் பிடித்துப் போய்விடலாம். உன் நிரலாளர் குழு இந்த ஒரு வழக்கத்தையாவது இன்றே எடுத்துக்கொள்ளட்டும்.

மடற்குழுவின் மடல் சேர்ந்தவர் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு படியாகப் போய்ச் சேர்கிறது. நடுவில் இருக்கும் வழங்கி எரிந்தே போனாலும் பழைய உரையாடலை உறுப்பினர்களிடமிருந்து திரட்டிவிடலாம். இணைப்பு விட்டு விட்டு வரும் ஊரில் இருப்பவர்கூட இறங்கியதைப் படித்து, பதிலை எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். தமிழுக்கே இதில் ஒரு வரலாறு உண்டு. நீ இப்போது மாற்றிக்கொண்டிருக்கும் டிஸ்கி குறியீடே, 1990களின் பிற்பகுதியில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி வாதாடி உருவாக்கியதுதான். பெரும்பாலும் நேரில் கூடாமலே எழுத்து அட்டவணையின் ஒவ்வோர் இடத்துக்கும் சண்டை போட்டு ஒப்புக்கொண்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பின்னர் அந்தக் குறியீட்டில் நூல்களை மின்பதிப்பாக்கியது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் உன் பயனர்களுக்கு மன்றம் என்கிறேன்?

முதல் காரணம், மின்னஞ்சலின் அடித்தளமே மாறிவிட்டது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் அஞ்சல் முகவரிகளுக்கு டிமார்க் என்ற சோதனையின் கடுமையான விதியை வைத்தது. தன் வழங்கியின் கையொப்பம் செல்லாத மடல் யாஹூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டால் அதை ஏற்காதே என்று பெறுகிற எல்லோருக்கும் அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல்லும் அப்படியே செய்தது. போலி மடல்களைத் தடுக்கச் செய்ததுதான், நியாயமான நோக்கம். ஆனால் மடற்குழு என்ன செய்கிறது? உறுப்பினரின் மடலை வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்த்து, அடியில் விலகுவதற்கான குறிப்பை ஒட்டி, தன் வழங்கியிலிருந்து எல்லோருக்கும் அனுப்புகிறது. உடலைத் தொட்டதும் கையொப்பம் முறிந்துவிடுகிறது. யாஹூக்காரர் எழுதிய மடலை ஜிமெயில் திருப்பி அனுப்பியது. அப்படித் திரும்பிய மடல்களை எண்ணிக்கொண்டிருந்த மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருள், இந்த ஜிமெயில் முகவரிகள் செத்த முகவரிகள் என்று முடிவுகட்டி அவர்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஒருவர் எழுதிய மடலுக்காக அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் குழுவிலிருந்து விழுந்தார்.

இதற்கு வழிகள் கண்டார்கள். அனுப்பியவர் முகவரியை மறைத்துக் குழுவின் முகவரியைப் போடுவது ஒன்று. போஸ்ட்கிரெஸ்காரர்கள் 2017 நவம்பரில் தாங்களே எழுதிய மென்பொருளுக்கு மாறியபோது, தலைப்பு ஒட்டையும் அடிக்குறிப்பையும் அடியோடு விட்டுவிட்டு மடலைத் தொடாமல் அனுப்பத் தொடங்கினார்கள். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கான விதிகளை மேலும் இறுக்கின. தெரிந்த கைகள் இருக்கும் இடத்தில் இதெல்லாம் சமாளிக்கக் கூடியது. உன்னிடம் அஞ்சல் வழங்கி பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாரா? ஒரு பயனர் கேட்டார், நீ பதில் எழுதினாய், அது அவருடைய எரிதக் கோப்புறையில் போய் விழுந்தது, அவர் உன்னை அலட்சியக்காரி என்று நினைத்துக்கொண்டார். நடந்தது உனக்குத் தெரியவே வராது.

இரண்டாவது காரணம் உன் பயனர்கள். மின்னஞ்சலில் வளர்ந்த தலைமுறைக்கு மடற்குழு இயல்பு. உன் நிரலைத் தேடி வரும் அச்சகத்துப் பையனுக்கு ஜிமெயில் என்பது கைபேசியில் ப்ளே ஸ்டோர் திறப்பதற்காக யாரோ உண்டாக்கிக் கொடுத்த முகவரி. அதில் வந்திருக்கும் மடலை அவன் பார்ப்பதே அரிது. ஒரு சந்தேகத்தைக் கேட்பதற்காகக் குழுவில் சேர்ந்து, உறுதிப்படுத்தும் மடலுக்குப் பதில் போட்டு, பிறகு தினமும் வரும் இருபது மடல்களைச் சகித்துக்கொண்டு, எப்படி விலகுவது என்று தெரியாமல் குழுவுக்கே "என்னை நீக்குங்கள்" என்று எழுதுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஒரு கேள்வியோடு வருகிறவருக்கு, தொடர்ந்து இருப்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு பொருந்தாது.

மூன்றாவது, உன் வேலைக்கே உரியது. நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான். உனக்கு வரும் கேள்விகளைத் தீர்க்கப் பெரும்பாலும் கோப்பு வேண்டும். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் எழுத்து எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம், உள்ளே எந்த எண் இருக்கிறது என்று பார்க்க முடியாது. மெயில்மேன் இயல்பாக வைத்திருக்கும் அளவு 40 கிலோபைட். அதற்கு மேல் போனால் மடல் நிறுத்தப்பட்டு உன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். அளவைக் கூட்டலாம், ஆனால் அப்போது அந்தக் கோப்பு உறுப்பினர் அத்தனை பேர் பெட்டிக்கும் போகும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருப்பதெல்லாம் என்ன? விற்பனைப் பத்திரம், பள்ளி மாணவர் பட்டியல், கோயில் நன்கொடையாளர் பெயர்கள். அவசரத்தில் ஒருவர் தன் அப்பாவின் பத்திரத்தையே இணைத்துவிடுவார், சர்வே எண்ணும் முகவரியும் கையெழுத்திட்டவர் பெயர்களுமாக. மடற்குழுவில் அனுப்பிய மடலைத் திரும்பப் பெற யாராலும் முடியாது. உறுப்பினர் எல்லோரிடமும் படி இருக்கும், வெளித் தொகுப்புகளும் எடுத்து வைத்திருக்கும். மன்றத்தில் அந்தக் கோப்பை நீ நீக்கலாம், பிரச்சினையுள்ள இரண்டு வரியை மட்டும் விட்டுவைக்கலாம். படி எங்கும் பரவியிருப்பது மடற்குழுவுக்குப் பெரிய பலம் என்று மேலே சொன்னேன். இந்த இடத்தில் அதுவே கேடாக முடிகிறது.

பதிலைத் தேடி எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வரும் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலுமாக இருக்கும். "உதவி தேவை", "அவசரம்", "வேலை செய்யல" என்பவைதான் பாதித் தலைப்புகளாக இருக்கும். மடலின் தலைப்பை அனுப்பிய பிறகு யாராலும் திருத்த முடியாது. பதில் எழுதும்போது மாற்றலாம், ஆனால் முதல் மடல் "அவசரம்" என்றே தொகுப்பில் கிடக்கும். மன்றத்தில் நீ அதை "பாமினி கோப்பில் வரி முறியும் இடத்தில் கொம்பு பிரிகிறது" என்று மாற்றி வைக்கலாம். அதே இழையில் ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்க்கலாம். இரண்டு வேறு ஊர்க்காரர்கள் ஒரே சிக்கலை வேறு வேறு சொற்களில் கேட்டிருந்தால் இரண்டு இழைகளையும் ஒன்றாக்கலாம். சரியான பதில் எது என்று குறித்து மேலே காட்டலாம். புதிதாகக் கேட்க வருபவர் தலைப்பைத் தட்டும்போதே, இதுபோல முன்பு கேட்டது இருக்கிறது பார் என்று காட்டும் வசதி டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளில் உண்டு. இவை சின்ன வசதிகளாகத் தெரியும். ஈரோட்டுக்காரர் உன்னைக் கேட்காமலே பதிலைக் கண்டெடுப்பதும் கண்டெடுக்காமல் போவதும் இவற்றில்தான் இருக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போம். புள்ளியியலுக்கான ஆர் மொழியின் உதவி மடற்குழு 1997 முதல் நடக்கிறது. கல்வியறிவு மிக்க குழு. ஆனால் அங்கே முன்பே பதில் சொன்ன கேள்வியோடு வருகிறவருக்குச் சூடான பதில் கிடைக்கும் என்ற பெயரும் உண்டு. 2008-ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்பால்ஸ்கியும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தைத் தொடங்கிய பிறகு கேள்விகள் அந்தப் பக்கம் சாயத் தொடங்கின. வசிலெஸ்கு, செரெப்ரெனிக், தேவன்பு, ஃபில்காவ் என்ற நான்கு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை அளந்து பார்த்தார்கள். கேட்பவர்கள் மட்டும் நகரவில்லை, மடற்குழுவின் தேர்ந்த கைகளும் நகர்ந்திருந்தன. இரண்டு இடத்திலும் பதில் எழுதும் அதே ஆட்கள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் சேர்ந்த ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் மடற்குழுவைவிட வேகமாகப் பதில் தந்தார்கள். அங்கே கிடைக்கும் மதிப்பெண்ணும் பதக்கமும் தூண்டுகோலாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இதில் எனக்குப் படுவது வேறு. பதில் சொல்கிறவரும் மனிதர். தன் உழைப்பு ஒருவருக்குப் பயன்பட்டது என்று கண்ணால் பார்க்க அவருக்கு ஆசை இருக்கும். மடற்குழுவில் நன்றி சொல்வதற்கென்று ஒரு மடல் அனுப்பினால், அது எல்லோருக்கும் தொல்லை என்று கடிந்துகொள்ளும் மரபு இருந்தது. பதில் எழுதியவர் அது பலித்ததா என்று தெரியாமலே அடுத்த கேள்விக்குப் போனார். மன்றத்தில் ஒருவர் வந்து "இதுதான் விடை" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எழுதியவருக்கும் நிறைவு, அடுத்து வருபவருக்கும் அடையாளம். பதக்கங்களை நீ பெரிதாக்க வேண்டாம். அந்த ஒரு பொத்தானை மட்டும் கட்டாயம் இயக்கி வை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையே உன் உதவி மையமாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அங்கே கேள்வி நிரலாளர் கேட்கும் கேள்வியாக, ஆங்கிலத்தில், ஏற்கெனவே கேட்காததாக இருக்க வேண்டும். உன் பள்ளி ஆசிரியர் கேட்கும் கேள்வியைச் சில நிமிடங்களில் மூடிவிடுவார்கள். அது அவர்களுக்குச் சரியான விதி, உன் பயனர்களுக்குச் சரியான இடம் இல்லை.

பெரிய திட்டங்கள் பல இப்போது டிஸ்கோர்ஸுக்குப் போய்விட்டன. ஃபெடோரா தன் கேள்வித் தளத்தை 2019-ல் அதற்கு மாற்றியது. லிப்ரெஓஃபிஸ் 2021-ல் மாற்றியது. பைத்தான் 2018-ல் ஒரு மன்றத்தைத் திறந்து பார்த்து, 2022-ல் மொழியை வளர்ப்போரின் மடற்குழு உரையாடலையும் அங்கே கொண்டுபோனது. க்னோம் 2022 அக்டோபர் இறுதியில் தன் மடற்குழுக்களை நிறுத்தியது. டெபியனும் போஸ்ட்கிரெஸும் லினக்ஸ் கருவும் இன்னும் மடலில்தான் நடக்கின்றன. யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்து நீ முடிவெடுக்காதே. லினக்ஸ் கருவின் மடற்குழுவில் நடப்பது நிரல் ஒட்டுகளைப் பரிசீலிக்கும் வேலை. அதற்கு மடல் பொருந்துகிறது. உன் நிரலாளர் குழுவுக்கும் அதனால்தான் மடல் போதும் என்கிறேன்.

மன்றத்துக்குச் செலவு உண்டு, மறைக்க மாட்டேன். டிஸ்கோர்ஸை ஓட்ட 1 ஜிபி நினைவகமுள்ள சிறிய வழங்கியாவது வேண்டும், மாதம் சில நூறு ரூபாய் போகும். உறுதிப்படுத்தும் மடல்களை அனுப்ப நம்பகமான அஞ்சல் சேவையும் வேண்டும், அது இல்லாமல் யாரும் பதிவு செய்யவே முடியாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த வாரமே போட வேண்டும். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், மன்றம் திறந்த அன்றே நீ மற்றவர்களுடைய கடவுச்சொற்களுக்கும் முகவரிகளுக்கும் காவல்காரி ஆகிவிடுகிறாய். 2013 ஜூலையில் உபுண்டு மன்றத்தை உடைத்தவர்கள் 18 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி, மறையாக்கிய கடவுச்சொல் எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். பெரிய நிறுவனத்தின் துணையுள்ள மன்றத்துக்கே அப்படி நேர்ந்தது. உன்னால் மாதம் ஒரு மாலை அதற்கென்று ஒதுக்க முடியாதென்றால் நீயே நடத்தாதே. கட்டற்ற மென்பொருள் அமைப்பு ஏதாவது நடத்தும் மன்றத்தில் உனக்கொரு பகுதி கேள்.

மின்னஞ்சலை விரும்புகிற உன் பழைய பயனர்களை விட்டுவிடவும் தேவையில்லை. டிஸ்கோர்ஸில் ஒவ்வொரு பதிவும் மடலாக வரும்படி வைத்துக்கொள்ளலாம், மடலிலேயே பதில் எழுதினால் அது மன்றத்தில் ஏறும். ஒரு குறையை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. எழுதியவர் பின்னால் பதிவைத் திருத்தினால் அந்தத் திருத்தம் மடலில் வராது, முதலில் எழுதியதுதான் அவர்களிடம் இருக்கும். ஆகவே பதிலில் பிழை கண்டால் பழையதைத் திருத்துவதோடு நிற்காமல், கீழே ஒரு புதிய வரியும் போடு.

வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பதில் உடனே கிடைக்கும். நட்பும் வளரும். ஆனால் கூகுளில் தேடினால் அவை வராது, புதிதாகச் சேர்ந்தவருக்கு வாட்ஸாப் குழுவின் பழைய பேச்சு பெரும்பாலும் தெரியாது, காலையில் சொன்ன பதில் மாலைக்குள் ஐம்பது வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியை நம்பி இருந்த குழுக்களுக்கு 2022 செப்டம்பர் முதல் இலவசக் கணக்கில் 90 நாள் பேச்சு மட்டுமே தெரிந்தது. குழுவை மூடச் சொல்லவில்லை. அங்கே கேள்வி வந்தால் இரண்டு வரியில் ஆறுதல் சொல்லி, மன்றத்தில் அந்த இழையின் முகவரியைக் கொடு. இழை இல்லையென்றால் நீயே அவர் சார்பில் கேள்வியை எழுதிப் பதிலும் எழுதி, முகவரியை அனுப்பு. முதல் சில மாதம் அலுப்பாக இருக்கும். பிறகு குழுவில் இருப்பவர்களே முகவரியை எடுத்துக் கொடுக்கத் தொடங்குவார்கள்.

சொந்த முகவரி என்று ஏன் அடம்பிடிக்கிறேன் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் எழுத்தாளர்களும் வாசகர்களும் எவ்வளவோ எழுதினார்கள். இன்று பெயர் சொல்லும்படி எழுதும் சிலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருப்பதையெல்லாம் அழிக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் சில வாரங்களே கிடைத்தன, பிறகு 2020 ஜனவரி இறுதிவரை நீட்டித்தார்கள். 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்கள் முற்றிலும் மூடப்பட்டன. உலகெங்கும் எத்தனையோ சிறு குழுக்களின் பல ஆண்டுப் பேச்சு அதோடு போனது. எழுதியவர்கள் நாம், இடம் அவர்களுடையது. உன் மன்றம் உன் பெயரிலுள்ள முகவரியில் இருந்தால், நாளை மென்பொருளை மாற்றலாம், வழங்கியை மாற்றலாம், முகவரி மட்டும் மாறாது. இழைகளுக்குக் கொடுத்த இணைப்புகள் எல்லாம் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை முழுப் படி எடுத்து உன் வழங்கிக்கு வெளியே, இன்னொருவர் கையிலும் ஒன்று இருக்கும்படி வை. க்னோம்காரர்கள் மடற்குழுவை நிறுத்தியபோதும் பழைய மடல்களைப் படிக்கும்படி விட்டுவைத்தார்கள். நீயும் எதையாவது மூட நேர்ந்தால் படிக்க மட்டுமாவது திறந்து வை.

திறக்கும்போது ஒரே ஒரு பகுதியோடு திற. நிறுவல், பாமினி, டிஸ்கி, பரிந்துரைகள், அரட்டை என்று பத்துப் பிரிவு வைத்தால் ஒவ்வொன்றும் வெறிச்சோடித் தெரியும், வந்தவர் இங்கே யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடுவார். ஒரு பகுதியில் நாளுக்கு இரண்டு கேள்வி விழுந்தாலே உயிருள்ள இடமாகத் தெரியும். திறப்பதற்கு முன்பே, இதுவரை உன் மின்னஞ்சலில் வந்த நல்ல கேள்விகளை, கேட்டவர் பெயரும் ஊரும் இல்லாமல், விடையோடு அங்கே ஏற்றிவிடு. ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அது மன்றத்தில் இருக்க வேண்டியதில்லை, நிரலின் கையேட்டில் இருக்க வேண்டும். கையேட்டில் எழுதிய பிறகும் வந்தால் நிரலையே திருத்த வேண்டும்.

பதில் சொல்லும் முறை பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 2001-ல் எரிக் ரேமண்ட், எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதிய நீண்ட கட்டுரையைப் பல திட்டங்கள் புதியவர்கள் முகத்தில் எறிவது வழக்கமாக இருந்தது. அதில் சொன்ன பலவும் சரி. ஆனால் அறுபது வயது ஓலைச்சுவடி ஆர்வலர் ஒருவர் தட்டுத் தடுமாறி எழுதிய முதல் கேள்விக்கு அதை நீட்டினால் அவர் திரும்பி வர மாட்டார். அவரிடம் மூன்றே கேள்வி கேள்: எந்த எழுத்துரு, நிரலின் எந்தப் பதிப்பு, பிழையுள்ள இரண்டு வரி. இந்த மூன்றையும் கேள்விப் பெட்டியிலேயே வார்ப்புருவாக வைத்துவிட்டால் கேட்கக்கூட வேண்டாம். தமிழில் கேட்டவருக்குத் தமிழில் பதில் எழுது. நம் மொழியில் ஒரு மென்பொருள் சந்தேகத்தைக் கேட்டு நம் மொழியிலேயே முழு விடை கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. உன் மன்றம் அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் நீயே பதில் எழுதிக்கொண்டிருக்காதே. தெரிந்த கேள்விக்கும் ஒரு நாள் பொறு. வேறொருவர் அரைகுறையாகச் சொன்னாலும் அதைப் பாராட்டி, விடுபட்டதை மட்டும் சேர். அப்படி அடிக்கடி பதில் சொல்கிறவர்கள் ஓரிருவர் தெரியவந்ததும் தலைப்புத் திருத்தும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்துவிடு. மன்றம் நீ இல்லாத வாரத்திலும் நடக்கிறதா என்பதைக் கவனித்துக்கொண்டே இரு.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் மன்றத்தைத் திறந்துவிடு, பதிப்பு வந்ததும்தான் கேள்விகள் பெருகும். வழங்கியை நிறுவும் வேலையில் எங்காவது தடைப்பட்டால் எழுது. முதல் மாதம் நானும் தினமும் காலையில் வந்து கேள்விகளைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்